‘நம்ம ஆள்’ என்பது தகுதிச் சான்று அல்ல

பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாணய மாற்றுக் கடைக்காரரிடமோ, நகைக்கடைக் கணக்கரிடமோ, நாசி கண்டார் வரிசையில் முன்னால் நிற்பவரிடமோ கேட்டுப் பாருங்கள். “பாலிக் புலாவில் எனக்குக் கொஞ்சம் தோட்ட நிலம் இருக்கிறது. கரண்டு இழுக்க வேண்டும், தண்ணீர்க் குழாய் போட வேண்டும், மேட்டை வெட்டி வழி எடுக்க வேண்டும். யாரைக் கூப்பிடலாம்?” பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். “அங்கேயே நம்ம ஆள் ஒருத்தர் இருக்கார். எல்லா வேலையும் செய்வார். கம்பெனி கிம்பெனின்னு போய் மாட்டிக்காதீங்க. அவர்கிட்ட பிளான், கையெழுத்துன்னு மட்டும் பேசிடாதீங்க, மனசு கோணிடும்.”

இப்படிச் சொல்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர். பட்டணத்தில் கடை நடத்தி, கம்பத்தில் நிலம் வைத்திருப்பவர்கள். தங்கள் பக்கத்தில் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறார்கள். உள்ளூர்க்காரருக்கு மண் தெரியும், மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும் என்று தெரியும். அவர் அதே ஊரில் குடியிருப்பதால் பழிக்கு அஞ்சுவார். கூலி குறைவு. இரவு பம்பு நின்று போனாலும் ஓடி வருவார். பணம் ஊருக்குள்ளேயே சுற்றும். எல்லாவற்றுக்கும் மேலாக, நமக்குள் எழுத்தும் பத்திரமும் எதற்கு, வாக்குப் போதாதா என்பது அவர்கள் கேள்வி.

இவற்றில் சில உண்மை. உள்ளூர் ஆளை வேலைக்கு வைக்க வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் உள்ளூர் ஆள் என்பதாலேயே பதிவு வேண்டாம், வரைபடம் வேண்டாம், எழுத்து வேண்டாம் என்று அதோடு ஒட்டிக்கொண்டு வரும் இரண்டாவது பாதி தவறு. நிலத்தையும் உறவையும் கடைசியில் அந்த உள்ளூர்த் தொழிலாளியையும் ஒருசேரக் கெடுப்பது அதுதான். நம் ஆட்கள் அதை மரபு என்ற பெயரில் காப்பாற்றி வருவதால், முதலில் அந்த மரபிலிருந்தே தொடங்குகிறேன்.

வாய்வார்த்தையில்தான் நம் முன்னோர் வாழ்ந்தார்கள் என்பதற்கு இந்தச் சாலையே எதிர்ச்சாட்சி. பள்ளிவாசல் நிற்கும் நிலம் 1801இல் துணை ஆளுநர் ஜார்ஜ் லீத் காலத்தில் எழுத்து மூலம் வழங்கப்பட்டது. கெலிங் மக்களின் தலைவராக, கப்பித்தானாக, நியமிக்கப்பட்ட காதர் முகைதீன் வாக்கை மட்டும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பவில்லை. ஏறத்தாழ 18 ஏக்கருக்கு ஆவணம் வாங்கினார். அறத்துக்கென ஒப்படைக்கப்பட்ட அந்த வக்பு நிலத்தில் பின்னாளில் என்ன நடந்தது என்பதுதான் நமக்கு முக்கியம். பத்தொன்பதாம் நூற்றாண்டு நகர நகர அதில் வீடுகளும் கடைகளும் நெருக்கிக்கொண்டு வந்தன. வருமானம் சேர வேண்டிய இடத்துக்குச் சேரவில்லை. நிர்வாகத்தைப் பற்றிப் பூசல்கள் எழுந்தன. பொறுப்பில் இருந்தவர்கள் அயலார் அல்லர், எல்லாரும் நம்ம ஆட்கள்தாம். இங்கும் பிற அறக்கட்டளைகளிலும் நிலைமை கையை மீறிப் போனதால்தான் 1905இல் நீரிணைக் குடியேற்ற அரசு முகமதிய, இந்து அறக்கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்து, வாரியம் அமைத்து, கணக்கை எழுத்துக்குக் கொண்டுவந்தது. அதற்குப் பிந்திய ஆண்டுகளில்தான் கட்டடக் கலைஞர் ஹென்றி ஆல்ஃபிரட் நியூப்ரோனரின் வரைபடத்தின்படி பள்ளிவாசல் இன்று நாம் பார்க்கும் தோற்றத்துக்கு வந்தது. காலனி அரசுக்கு அதில் தன் நோக்கங்கள் இருந்திருக்கும். ஆனாலும் கணக்கில்லாத நம்பிக்கை அந்த நிலத்தைக் காப்பாற்றவில்லை என்பதை யாரும் மறுக்க முடியாது.

பக்கத்துத் தெருக்களுக்குப் போவோம். பினாங்குத் தெருவில் கிட்டங்கி நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டியார்களைவிட ஒருவருக்கொருவர் நன்கு தெரிந்த வணிகக் கூட்டம் எது? ஒரே சாதி, ஒன்பது கோயில்கள், சுற்றிச் சுற்றிக் கொள்வினை கொடுப்பினை. ஏமாற்றியவன் பெண் கேட்டுப் போக முடியாது. அவர்கள்தாம் ஒரு காசு விடாமல் பேரேட்டில் எழுதினார்கள், சொந்தப் பங்காளியிடமும் கைச்சாத்து வாங்கினார்கள். எழுதுவது அவமானம் என்று அவர்களில் யாருக்கும் தோன்றவில்லை. பள்ளிவாசலில் ஓதப்படும் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம், தவணைக் கடனை எழுதி வைக்கவும் சாட்சி வைக்கவும் சொல்கிறது. அது கட்டளையிடப்பட்டிருப்பது ஒருவரையொருவர் நம்பும் இறைநம்பிக்கையாளர்களுக்கு.

திருக்குறளைக் காட்டிச் சிலர் வாதாடுவார்கள். ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்தில் சுற்றமும் பற்றும் இல்லாதவரை நம்பாதே, அவருக்குப் பழிக்கு நாணம் இராது என்ற கருத்து இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அதை அடுத்த குறளையும் படிக்க வேண்டும். அன்பு ஒன்றையே ஊன்றுகோலாகக் கொண்டு, அறிய வேண்டியதை அறியாதவரிடம் பொறுப்பைக் கொடுப்பதை வள்ளுவர் அறியாமை என்று சாடுகிறார். பழிக்கு அஞ்சுபவரைத் தேடு, ஆனால் வேலை அறிந்தவரா என்பதைத் தனியாகச் சோதி என்பதுதான் அந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் பாடம். நம்மவர்கள் முதல் பாதியோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

இப்போது அந்தப் பழிக்கு அஞ்சும் வாதம். ஊருக்குள் இருப்பவன் ஓட முடியாது, அதனால் ஒழுங்காகச் செய்வான் என்கிறார்கள். ஓட முடியாதது உண்மை. ஆனால் நீங்களும் கேட்க முடியாது என்பதை ஏன் சேர்த்துச் சொல்வதில்லை? உங்கள் தம்பியின் சம்பந்தி வழி வந்தவர் போட்ட மலத்தொட்டி நிரம்பி வழிகிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்? போன் செய்வீர்கள். “வந்து பாக்குறேண்ணே” என்பார். வர மாட்டார். இரண்டாவது முறை போன் செய்யச் சங்கடப்படுவீர்கள். மூன்றாவதாக வேறு ஆளை வைத்துத் தோண்டுவீர்கள். அவர் மீது புகார் எழுதுவதைக் கனவிலும் நினைக்க மாட்டீர்கள், ஏனென்றால் அடுத்த மாதம் கல்யாண வீட்டில் ஒரே பந்தியில் உட்கார வேண்டும். வேலை செய்தவரைக் கட்டிப்போடும் என்று நம்பிய உறவு, வேலை கொடுத்தவரின் வாயைத்தான் கட்டுகிறது. கோணலாக ஒட்டிய ஓடு அன்றைக்கே தெரிந்துவிடும், அதற்கு வெட்கம் வேலை செய்யும். மண்ணுக்குள் புதைத்த குழாயும் சரிவில் வெட்டிய மண்ணும் மூன்று மழைக்காலம் கழித்துத்தான் பேசும். அப்போது யார் என்ன சொன்னார், எவ்வளவு ஆழம் என்றார் என்று இருவருக்கும் இருவேறு நினைவு இருக்கும்.

வாய்மொழி ஒப்பந்தமும் சட்டப்படி செல்லும்தானே என்று கேட்பவர்கள் உண்டு. செல்லும். 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் எழுத்தைக் கட்டாயமாக்கவில்லை. ஒப்பந்த மீறலுக்கு வழக்குப் போட ஆறு ஆண்டு அவகாசமும் இருக்கிறது. ஆனால் ஆறாவது ஆண்டில் எதைக் காட்டுவீர்கள்? உரிமை இருக்கும், சான்று இருக்காது.

அடுத்தது, மண்ணை அறிவான் என்பது. எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இதுதான். ஆகவே பாதியை ஒப்புக்கொள்கிறேன். எந்தப் பள்ளத்தில் நவம்பரில் தண்ணீர் தேங்கும், எங்கே தோண்டினால் பாறை தட்டும், பழைய குழாய் எந்த வேலியோரம் போகிறது என்பதெல்லாம் எந்தப் பொறியாளரின் தாளிலும் இருக்காது. அது உள்ளூர் ஆளிடம்தான் இருக்கும். ஆனால் அவர் அறிந்தது, இருக்கும் நிலையில் உள்ள நிலத்தை. நீங்கள் அவரிடம் கொடுக்கும் வேலையோ அந்த நிலையை மாற்றுவது. பினாங்குத் தீவின் குன்றுகள் கருங்கல் சிதைந்து உண்டான மண்ணால் மூடியவை. மரவேர் பிடித்திருக்கும் வரை நிற்கும். அடியில் வெட்டி, மேலே மொட்டையடித்து, மழைநீருக்கு வழி விடாமல் வைத்தால் ஊறி இறங்கும். முப்பது ஆண்டு டுரியான் பழம் பொறுக்கிய அனுபவம், பத்தடி உயரத்துக்குச் செங்குத்தாக வெட்டிய கரை எத்தனை மழை தாங்கும் என்பதைச் சொல்லாது. அது கணக்கு. கணக்குப் போடத் தெரிந்தவர் வேறு, எஸ்கவேட்டர் ஓட்டத் தெரிந்தவர் வேறு. இரண்டாமவர் தம் தொழிலில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் முதலாமவர் ஆகிவிட மாட்டார்.

சட்டம் இதை மரியாதைக் கேள்வியாக விடவில்லை. கடல் மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு மேல், அதாவது 250 அடிக்கு மேல் உள்ள நிலத்தையும், 25 பாகைக்கு மேல் சரிந்த நிலத்தையும் பினாங்கு மாநிலத் திட்டமிடல் கொள்கை சாதாரண மேம்பாட்டுக்கு ஆகாது என்று ஒதுக்கி வைத்திருக்கிறது. 1960ஆம் ஆண்டு நிலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குன்று நிலமாக அறிவிக்கப்பட்ட இடத்தில் மரம் வெட்டித் துப்புரவாக்கவே நில அலுவலகத்தின் அனுமதி வேண்டும். 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஏ பிரிவின்படி, திட்ட வரைபடத்துக்கு ஒப்புதல் வாங்காமல் மண் வேலை தொடங்குவதே குற்றம். 50,000 வெள்ளி வரை அபராதம் அல்லது ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். புக்கிட் ரெலாவ் குன்று மொட்டையடிக்கப்பட்டு ஊரே அண்ணாந்து பார்த்த விவகாரத்தில் 2013இல் விதிக்கப்பட்ட 30,000 வெள்ளி அபராதம் மிகக் குறைவு என்று பலர் கொதித்தார்கள். குறைவுதான். ஆனால் அது ஒரு நிறுவனத்துக்குக் குறைவு. கால் ஏக்கர் தோட்டத்தில் ஓய்வுக்கால வீடு கட்ட நினைக்கும் ஆசிரியருக்கு அதில் பாதியே தலையில் இடி.

நம்ம ஆள் வெட்டினார், எனக்கென்ன தெரியும் என்பது எடுபடுமா? 1993 டிசம்பர் 11இல் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் கட்டடத்தின் ஒரு தொகுதி சாய்ந்து 48 பேர் மாண்டார்கள். 2000இல் தீர்ப்புச் சொன்ன உயர் நீதிமன்றம், கட்டியவரோடு நிற்கவில்லை. மேட்டுப்பக்கத்து நிலத்தை வைத்துக்கொண்டு அதன் வடிகாலைக் கவனிக்காமல் விட்ட உரிமையாளர் மீதும் பொறுப்பைச் சுமத்தியது. அந்தத் திட்டத்தில் கட்டடக் கலைஞராகச் செயல்பட்டவர் அதற்கான முழுத் தகுதி பெறாத வரைவாளர் என்பதும் அந்த வழக்கில் வெளிவந்தது. வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போய், 2006இல் நகராண்மைக் கழகம் இழப்பீட்டுப் பொறுப்பிலிருந்து விடுபட்டது. இதன் பொருள், சரிவு நிலம் வைத்திருக்கும் எவருக்கும் வெளிச்சமாகத் தெரிய வேண்டும். மண் இறங்கினால் நகராண்மைக் கழகம் வந்து தாங்கும் என்று நம்பி இருக்க முடியாது. யாரை வேலைக்கு வைத்தீர்கள், எதைப் பார்த்து வைத்தீர்கள் என்ற கேள்வி உங்கள் வாசலுக்குத்தான் வரும்.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பு மேசையைத் தட்டும். “பெரிய கம்பெனி, பட்டம் வாங்கின இன்ஜினியர் எல்லாம் இருந்த இடத்துலதானே ஆளுங்க செத்தாங்க?” ஆம். 2017 அக்டோபர் 21இல் தஞ்சோங் பூங்கா கட்டுமானத் தளத்தில் மண் சரிந்து 11 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு அக்டோபர் 19இல் புக்கிட் குக்குஸ் சாலைத் தளத்தில் 9 பேர். பெரும்பாலோர் வங்காளதேசம், இந்தோனேசியா, மியன்மார் போன்ற நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். பதிவு பெற்ற நிறுவனங்கள் வேலை செய்த தளங்கள்தாம் இரண்டும். இதிலிருந்து என்ன முடிவுக்கு வருவது? காகிதம் இருந்தும் மேற்பார்வை தவறினால் உயிர் போகும் என்ற முடிவுக்கு வரலாம். காகிதமும் இல்லாமல் மேற்பார்வையும் இல்லாமல் இருந்தால் உயிர் பிழைக்கும் என்ற முடிவுக்கு எப்படி வருகிறார்கள் என்பது எனக்குப் பிடிபடவில்லை. பெல்ட் போட்டவனும் விபத்தில் இறந்தான், ஆகவே பெல்ட் வேண்டாம் என்பதைப் போன்ற வாதம் இது. அந்த இரண்டு தளங்களிலும் யாரைக் கேள்வி கேட்பது என்றாவது தெரிந்தது. விசாரணை நடந்தது, ஆவணங்கள் புரட்டப்பட்டன. கம்பத்து மேட்டில் நம்ம ஆள் வெட்டிய கரை சரிந்தால் புரட்டுவதற்கு ஒரு தாள் கூட இருக்காது.

எல்லை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். “அந்த ரம்புத்தான் மரம்தான் எல்லை, நாப்பது வருசமா எல்லாருக்கும் தெரியும்” என்று சொல்லி மண்வாரியை ஓட்டுவார் உள்ளூர் ஆள். நாற்பது ஆண்டு அனுபவ பாத்தியதைக்கு மலேசியாவின் நிலச் சட்டத்தில் மதிப்பில்லை. தேசிய நிலச் சட்டத்தின் 341ஆவது பிரிவு, எத்தனை காலம் ஒருவர் ஆக்கிரமித்திருந்தாலும் பட்டாதாரர் நிலத்தைத் திரும்பக் கேட்பதை அது தடுக்காது என்கிறது. எல்லைக்கல்லைக் கண்டுபிடித்துக் காட்ட வேண்டியவர் உரிமம் பெற்ற நில அளவையாளர். அந்தச் செலவை மிச்சம் பிடித்து அடுத்தவர் நிலத்தில் வேலி போட்டவர்கள், பிறகு வேலியையும் பிடுங்கி வக்கீலுக்கும் கொடுத்துத் தீர்க்கிறார்கள்.

இனி அன்றாட வசதிகள். மின்சாரத்தை எடுத்துக்கொள்வோம். பம்பு அறைக்கு ஒரு வயர் இழுக்க வயர்மேன் எதற்கு என்று கேட்பவர்கள், ஈரத் தரை, திறந்த கொட்டகை, எலி கடித்த காப்புறை ஆகிய மூன்றும் சேரும் இடம் அந்தப் பம்பு அறைதான் என்பதை மறந்துவிடுகிறார்கள். 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள், ஈரமான இடங்களில் 10 மில்லிஆம்பியர் கசிவுக்கே இணைப்பைத் துண்டிக்கும் கருவி வேண்டும் என்கின்றன. கையில் பிடித்து இயக்கும் சாதனங்களுக்கு 30 மில்லிஆம்பியர். நம்ம ஆள் கடையில் கிடைத்த ஈ.எல்.சி.பி.யை மாட்டிவிட்டுப் போவார். அது எத்தனைக்குத் துண்டிக்கும், எர்த் கம்பி உண்மையில் மண்ணைத் தொடுகிறதா என்று சோதிக்கக் கருவி அவரிடம் இருக்காது. எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்று பெற்ற வயர்மேன் வேலையை மேற்பார்த்து முடித்ததற்கு ஜி பாரத்திலும், சோதித்ததற்கு எச் பாரத்திலும் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் அவருடைய பிழைப்பே பணயமாக இருக்கிறது. சொந்தப் பிழைப்பைப் பணயம் வைத்துச் சொல்லும் வார்த்தைக்கும், “ஒண்ணும் ஆகாது, நான் பாத்துக்கறேன்” என்பதற்கும் உள்ள தூரம் பெரிது.

மலத்தொட்டி இன்னும் மோசம், ஏனென்றால் அது கண்ணில் படாது. சிமெண்டு உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, அடியை மண்ணாகவே விட்டு, மேலே மூடியைப் போட்டு இதுதான் செப்டிக் டேங்க் என்று கொடுப்பது கம்பங்களில் பழைய வழக்கம். அது தொட்டி அல்ல, குழி. ஒழுங்கான தொட்டியில் கசடு அடியில் தங்க ஓர் அறை, தெளிந்தது வழிய இன்னோர் அறை, அதற்குப் பிறகு உறிஞ்சும் மண் என்று ஒரு முறை இருக்கிறது. பாலிக் புலாவின் பழைய வயல்வெளிகளைப் போலக் களிமண்ணும் மேலாக நிற்கும் நிலத்தடி நீரும் உள்ள இடத்தில் குழியிலிருந்து கசிவது எங்கும் போகாது. மழை வந்தால் பக்கத்து வீட்டு வாய்க்காலுக்கோ கிணற்றுக்கோதான் போகும். கசடை அகற்றும் லாரி வந்து நிற்க வழியும், திறக்கக் கூடிய மூடியும் வேண்டும் என்பதைக் கூட நினைக்காமல் மேலே சிமெண்டு தளம் போட்ட வீடுகள் உண்டு. தண்ணீர்க் குழாயிலும் இதே கதை. மீட்டர் வரை தண்ணீர் வழங்கும் நிறுவனத்தின் பொறுப்பு, மீட்டருக்குப் பிறகு ஒவ்வொரு சொட்டும் உங்கள் கணக்கு. ஆழமில்லாமல் புதைத்த பாலித்தீன் பைப்பை லாரிச் சக்கரம் நசுக்கினால் அது உங்கள் பில்லில்தான் தெரியும்.

மலிவு என்பதை இப்போது பார்க்கலாம். மலிவு என்று சொல்பவர்கள் எதை எதோடு ஒப்பிடுகிறார்கள்? நம்ம ஆள் சொல்லும் தொகையில் வரைபடம் இல்லை, அனுமதிக் கட்டணம் இல்லை, சோதனை இல்லை, தொழிலாளிக்குச் சொக்சோ பாதுகாப்பு இல்லை, தவறினால் திரும்பச் செய்யும் பொறுப்பு இல்லை. இவ்வளவையும் கழித்துவிட்டு வரும் தொகையை, இவ்வளவையும் சேர்த்துச் சொன்ன தொகையோடு வைத்துப் பார்த்து மலிவு என்கிறார்கள். கழித்தவை மறைந்துவிடவில்லை, உங்கள் தலைக்கு மாறியிருக்கின்றன. நிலத்தில் ஒருவர் கால் ஒடிந்து விழும் நாளில்தான் அவருடைய பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை என்பது தெரியவரும்.

ஒரு மறுப்பு மட்டும் என்னை யோசிக்க வைத்தது. லைசென்ஸ் என்பதே வாடகைக்குக் கிடைக்கும் பொருளாகிவிட்டது, ஒருவர் பெயரில் பதிவு இருக்கும், வேறொருவர் வந்து வேலை செய்வார், பிறகு எதற்கு அந்தப் பதிவு என்கிறார்கள். நடக்கிறது, மறுக்க மாட்டேன். அதற்குப் பரிகாரம், பதிவைக் கேட்பதோடு நிறுத்தாமல் தளத்துக்கு வந்து நிற்கப் போகிறவர் யார் என்று கேட்பது. கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில், அதாவது சிஐடிபியில், பதிவு பெற்ற குத்தகையாளர்கள் ஜி1 முதல் ஜி7 வரை தரம் பிரிக்கப்பட்டிருக்கிறார்கள். பதிவில்லாமல் கட்டுமான வேலையை மேற்கொள்வது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தளத்தில் நிற்கும் ஆளுக்குப் பச்சை அட்டை இருக்க வேண்டும். பதிவில் உள்ள பெயரும் ரசீதில் உள்ள பெயரும் முன்பணம் போகும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றுதானா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். கள்ள நோட்டு இருக்கிறது என்பதற்காக யாரும் நோட்டே வேண்டாம் என்பதில்லை. வாங்கும்போது வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறோம்.

மிச்சம் இருப்பது நெஞ்சைத் தொடும் வாதம். “ஏழைத் தொழிலாளி வயித்துல அடிக்கச் சொல்றீங்களா? அவரால பதிவு, பாரம்னு அலைய முடியுமா?” இதைக் கேட்பவர்களுக்கு நம் மக்களின் வரலாற்றையே நினைவூட்டுகிறேன். மலாயாத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் பிடித்து வந்த கங்காணி எதைக் காட்டி ஆள் பிடித்தார்? நான் உன் ஊர்க்காரன், உன் சாதிக்காரன், என்னை நம்பி வா என்பதைக் காட்டித்தான். அந்த நம்பிக்கைதான் அவருடைய மூலதனம். ஒவ்வொரு ஆள் வேலைக்கு இறங்கும்போதும் அவருக்குத் தலைக்காசு. கடன் எவ்வளவு, கழிந்தது எவ்வளவு என்பது அவர் சொன்னதுதான் கணக்கு. இந்திய அரசு 1938இல் உதவிபெற்ற கூலிக் குடியேற்றத்தை நிறுத்தும் வரை ‘நம்ம ஆள்’ என்ற சொல் எத்தனை குடும்பங்களைக் கட்டிப்போட்டது! எழுத்தில்லாத உறவில் எப்போதும் பலசாலிதான் வெல்வார். இன்று அந்தக் கம்பத்து வேலையில் பலசாலி நிலக்காரர். சொன்ன வேலைக்கு மேல் “அப்படியே அந்த வாய்க்காலையும் கொஞ்சம் எடுத்து விட்டுடு தம்பி” என்று வாங்குபவர் நிலக்காரர். கடைசித் தவணையை இழுத்தடிப்பவரும் பெரும்பாலும் நிலக்காரர்தான்.

2012ஆம் ஆண்டுக் கட்டுமானத் தொழில் கொடுப்பனவு, தீர்ப்புச் சட்டம் என்று ஒன்று 2014 முதல் நடப்பில் இருக்கிறது. வேலை செய்துவிட்டுப் பணம் கிடைக்காதவர் நீதிமன்றத்துக்கு அலையாமல் விரைவாக நிவாரணம் பெற வகை செய்வது அது. ஆனால் எழுத்தில் உள்ள ஒப்பந்தத்துக்கு மட்டுமே பொருந்தும். தனி நபர் தான் குடியிருக்கக் கட்டும் நான்கு மாடிக்குக் குறைந்த வீடு அதில் அடங்காது. மற்ற வேலைகளிலும், பெரிய குத்தகையாளரிடம் உள்குத்தகை எடுக்கும்போதும், அந்த எளிய உள்ளூர்த் தொழிலாளியிடம் ஒரு கையெழுத்துத் தாள் இல்லையென்றால் அந்தச் சட்டத்தின் கதவு அவருக்குத் திறக்காது. தாள் வேண்டாம் என்று அவர் சார்பில் பேசுகிறவர்கள், அவர் பணம் கேட்கும் உரிமையையும் அவர் சார்பில் விட்டுக்கொடுக்கிறார்கள்.

நான் கேட்பது பெரிய பத்திரம் அல்ல. ஒரு பக்கம் போதும். என்ன வேலை, எத்தனை மீட்டர், எவ்வளவு ஆழம், எந்தப் பொருள். யார் அனுமதி வாங்குவது. மொத்தத் தொகை எவ்வளவு, எந்தக் கட்டம் முடிந்தால் எந்தத் தவணை. கூடுதல் வேலைக்கு முன்கூட்டியே விலை. மண்ணை எங்கே கொட்டுவது. ஓராண்டுக்குள் பழுதானால் யார் சரிசெய்வது. மூடும் முன் குழியின் படம் எடுத்து இருவர் போனிலும் வைத்துக்கொள்வது. மலாயோ தமிழோ, இருவருக்கும் புரிந்த மொழியில் எழுதி இருவரும் கையெழுத்திட்டால் போதும். பிசகினால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை ஐந்து வெள்ளிக் கட்டணத்தில், வக்கீல் இல்லாமல், நீங்களே கொண்டுபோகலாம். அங்கே முதலில் கேட்கப்படுவது ரசீதும் தாளும்தான். அவர் எவ்வளவு நல்ல மனிதர் என்பதை யாரும் கேட்பதில்லை.

ஆகவே பாலிக் புலாவில் வேலை என்றால் பாலிக் புலாவ்க்காரரையே கூப்பிடுங்கள், நிபோங் திபாலில் என்றால் நிபோங் திபால்க்காரரையே. மண்ணைப் பற்றி அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். வெட்டும் கரைக்குப் பொறியாளர், எல்லைக்கு அளவையாளர், மின்சாரத்துக்கு வயர்மேன், கழிவுநீருக்கு உரிமம் உள்ளவர் என்று அந்தந்த வேலைக்கு அந்தந்தக் கையெழுத்தை வாங்குங்கள். உள்ளூரில் அப்படி ஆட்களே இல்லை என்றால் குறை நம்முடையது. இந்தச் சாலையிலும் சுற்றுத் தெருக்களிலும் கோயில், பள்ளிவாசல், சங்கம் என்று எத்தனை நிர்வாகங்கள் ஆண்டுதோறும் கூரை, குழாய், வயர் வேலைகளைக் கொடுத்துக்கொண்டிருக்கின்றன! அவை முதலில் பதிவெண் கேட்கத் தொடங்கட்டும். திறமையுள்ள இளைஞர் ஒருவர் வயர்மேன் தேர்வு எழுதவும், சிஐடிபியில் ஜி1 பதிவு எடுக்கவும் ஆகும் செலவைச் சங்க நிதியிலிருந்து கொடுக்கட்டும். பரிந்துரை செய்வதற்குச் செலவில்லை, அதனால்தான் அது இவ்வளவு தாராளமாக நடக்கிறது. ஒருவரை உண்மையிலேயே நம்ம ஆள் என்று கருதுகிறவர்கள் அவரைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்தி வைத்து மலிவாக வேலை வாங்க மாட்டார்கள்.